அடியில் இருந்த நீலம்

"மிஸ், நம்ம கந்தோர் மலருக்கு நாலு பக்கம் எழுதித் தாங்க. சும்மா உங்க அனுபவம்தான்" என்று போன மாதம் பழைய அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் கேட்டார்கள். சும்மா என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். இருபத்தைந்து வருஷம் மாத்தளை டவுனில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து கணினியில் நீலக்கல்லும் புஷ்பராகமும் செய்தவள் நான். இன்னும் வெட்டாத கல், இன்னும் மோதிரத்தில் பதிக்காத கல் எப்படி இருக்கும் என்று வியாபாரிகள் முன்கூட்டியே பார்க்க ஆசைப்படுவார்கள். அந்தப் படம் நிஜக் கல்லைப் போலவே இருக்கவேண்டும். அந்த வேலையில் சும்மா நடந்தது என்று ஒன்றுகூட என் நினைவில் இல்லை.

பேசிய பிள்ளை இன்னொன்றும் கேட்டது. "இப்ப புது சொஃப்ட்வெயார் வந்திருக்கு மிஸ். என்ன கல்லு, என்ன வெட்டுன்னு எழுதினா ஒரு நிமிஷத்துல படம் வந்துரும். அப்ப நீங்க எல்லாம் ஒரு கல்லுக்கு அஞ்சு நாள் என்னதான் செஞ்சீங்க?" கேட்டுவிட்டுச் சிரித்தது. நானும் சிரித்துவிட்டு வைத்துவிட்டேன். ஆனால் கேள்வி மனதில் கிடந்து குடைந்தது. என்ன செய்தோம் என்று எழுதிவிடுகிறேன், நாலு பக்கம் போதாவிட்டாலும் பரவாயில்லை.

நான் எல்கடுவ தோட்டத்தில் பிறந்தவள். அப்பாவுக்குத் தேயிலை ஃபெக்டரியில் வேலை. எனக்குக் கை சும்மா இருக்காது, கண்டதையெல்லாம் வரைவேன். படிப்பு முடிந்ததும் மாத்தளையில் ஒரு நகைக்கடையில் நகை மாதிரிகளைத் தூரிகையால் தீட்டும் வேலை கிடைத்தது. பிறகு கண்டிக்கு பஸ்ஸில் போய்வந்து ஆறு மாதம் கணினி வரைகலை படித்தேன். படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன், நின்றுகொண்டே வந்தேன்.

அதற்குப் பிறகுதான் கோமதி மெடத்தின் கந்தோரில் சேர்ந்தேன். ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு மேல் மாடி. மெடம் வியாபாரக் குடும்பத்தில் பிறந்து, கல் தரம் பார்க்கப் படித்தவர். கணினியைத் தொடமாட்டார். ஆனால் கணினியில் செய்ததைப் பார்த்து ஒரு நொடியில் ஆளை வியர்க்க வைப்பார்.

நான் செய்த முதல் நீலக்கல் கரித்துண்டு மாதிரி வந்தது. பட்டைகளை ஒவ்வொன்றாக அளந்து அமைத்தேன், நீல நிறம் கொடுத்தேன், ஒளி எவ்வளவு வளையவேண்டும் என்ற எண்ணையும் சரியாகப் போட்டேன். கணினி கதிர்களைக் கணக்கிட்டுப் படமாக்குவதை நாங்கள் ரெண்டர் போடுவது என்போம். அன்றைய மெஷினுக்கு ஒரு ரெண்டர் போட அரை நாளுக்கு மேல் பிடிக்கும். காத்திருந்து பார்த்தால் கறுப்பு. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் புரிந்தது. பட்டை தீட்டிய கல் தன்னைச் சுற்றி இருப்பதைத்தான் உள்ளே வாங்கி வெளியே காட்டுகிறது. நான் கல்லைச் செய்தேனே தவிர, அது இருக்க ஓர் அறையைச் செய்யவில்லை. சுற்றிலும் ஒன்றுமே இல்லாவிட்டால் அது எதைத்தான் காட்டும்?

அதனால் எங்கள் அறையையே கொடுத்தேன். மேசை நடுவில் கமராவை வைத்து, சுற்றிச் சுற்றிப் படம் எடுத்து ஒட்டினேன். வடக்குப் பக்க ஜன்னல், அதன் பூப்போட்ட இரும்புக் கம்பி, வெள்ளை அலுமாரி எல்லாம் அதில் வந்தன. மெடம் வெள்ளைச் சேலையில் நடுவில் நின்றுகொண்டிருந்தார். "கொஞ்சம் ஒதுங்குங்க மெடம்" என்றேன்.

"நான் ஏன் ஒதுங்கணும்? கல்லப் பாக்குறவ நான்தானே? ஆள் இல்லாம எந்தக் கல்லு இருக்கு?" என்றார், அசையவே இல்லை. அவர் சொன்னது சரிதான். கல்லுக்கு முன்னால் ஒரு தலை மறைத்து நிற்கும்போது விழும் இருட்டும் சேர்ந்தால்தான் கல் நிஜமாகிறது. அந்த அறைப் படத்தைத்தான் நான் கடைசிவரை பயன்படுத்தினேன். எங்கள் கந்தோரிலிருந்து எந்தெந்த நாட்டுக்கோ போன ஒவ்வொரு நீலக்கல்லின் படத்துக்குள்ளும் எங்கள் ஜன்னல் கம்பியும் மெடத்தின் சேலையும் துண்டு துண்டாக உடைந்து கிடக்கின்றன. யாருக்கும் தெரியாது.

மெடம் எப்போதும் வாயில் ஒரு கராம்பை ஒதுக்கி வைத்திருப்பார். பின்னால் கராம்பு வாசம் வந்தால் அவர் வந்து நிற்கிறார் என்று அர்த்தம். ஒருநாளும் நல்லாயிருக்கு என்று சொன்னதில்லை. "ம்" என்பார். அதில் இரண்டு வகை உண்டு. வாய் மூடிய "ம்" என்றால் மறுபடி செய். தலையோடு சேர்ந்த "ம்" என்றால் அனுப்பு. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வித்தியாசம் பிடிபட ஒரு வருஷம் ஆகும்.

அவர் வைத்த முறை ஒன்று இருந்தது. கல் வந்ததும் யாரும் கணினி முன்னால் உட்காரக்கூடாது. காலை ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் இடையில் வடக்கு ஜன்னல் ஓரம் வெள்ளைத் தாளில் கல்லை வைக்கவேண்டும். முதலில் மேலிருந்து பார்க்கவேண்டும். பிறகு தாளின் மட்டத்துக்குக் குனிந்து பக்கவாட்டில் பார்க்கவேண்டும். பிறகு ஒரு கண்ணாடிக் கிளாஸில் தண்ணீர் ஊற்றி, கல்லை உள்ளே போட்டு, பின்னால் வெள்ளைத் தாள் பிடித்துப் பார்க்கவேண்டும். தண்ணீருக்குள் கல்லின் மினுமினுப்பு அடங்கிவிடும். அப்போது அதன் உள் நிறம் எங்கே இருக்கிறது, கீறல் எங்கே, மேகம் எங்கே என்று தெரியும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் கணினி. அந்தக் கிளாஸில் யாராவது தேத்தண்ணி குடித்துவிட்டால் அன்றைக்குத் தொலைந்தார்கள்.

ஒருமுறை நான் செய்த கல்லைப் பார்த்துவிட்டு, "ஜெயா, இதுல அழுக்கு எங்க?" என்று கேட்டார். அழுக்கே இல்லை மெடம், சுத்தமான கல் என்றேன் பெருமையாக. "இது குளிச்சிட்டு வந்த கண்ணாடி. நம்ம மண்ணுல கெடந்த கல்லுக்கு வயித்துல ஏதாவது இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த வாரம் முழுக்க பட்டு நூல் போன்ற மெல்லிய கோடுகளைக் கல்லுக்குள் போடக் கற்றுக்கொண்டேன். ஆக, முறையெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே தவறினேன் என்பதைத்தான் இங்கே எழுத வந்தேன்.

பதினைந்து வருஷம் இருக்கும். மெடம் ஒரு வாரம் கொழும்பில் இருந்தார். உக்குவளையிலிருந்து பரீதா ராத்தா வந்தார். எங்கள் பக்கத்தில் வயதில் மூத்த முஸ்லிம் பெண்களை ராத்தா என்றும், ஆண்களை நானா, அதாவது அண்ணன், என்றும்தான் அழைப்போம். அவருடைய கணவர் கல் வெட்டுகிறவர், இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவர் எலஹெரப் பக்கம் வாங்கித் தன் கையாலேயே வெட்டிய ஒன்பது கரட் நீலக்கல் ஒன்றுதான் ராத்தாவிடம் மிச்சம். ஜன்னல் மட்டத்தோடு நின்றுபோன வீடும் அந்தக் கல்லை நம்பித்தான் நின்றது. கூடவே கணவரின் தம்பி ரஷீத் நானா வந்திருந்தார். அவரும் வெட்டுகிறவர்தான்.

கொழும்பு ஏஜண்ட் ஒருவர் கல்லைப் பார்த்துவிட்டு, வெளிநாட்டுக்காரர் வாங்குவார், ஆனால் வயிறு பெரிதாக இருக்கிறது, அடியைத் தேய்த்துத் தட்டையாக்கினால் எடுப்பார் என்று சொல்லியிருந்தார். தேய்த்தால் எப்படி இருக்கும் என்று ஒரு படம் வேண்டும். அதற்குத்தான் வந்தார்கள்.

கல் என்னிடம் ஒரே ஒரு மணித்தியாலம் இருந்தது. அளந்தேன். மேலிருந்து படம் எடுத்தேன். அழகான, ஆழமான நீலம். மேசையில் வேறு மூன்று வேலை காத்துக் கிடந்தது. கிளாஸை எடுக்கவில்லை. குனிந்துகூடப் பார்க்கவில்லை.

ரஷீத் நானா போகும்போது கதவடியில் நின்று சொன்னார். "மிஸ், இத தட்டையாக்கினா வெள்ளையாப் போகும். நீலம் அடியிலதான் ஈக்கு."

எனக்கு அது பழைய ஆட்கள் புதிதாக எது வந்தாலும் சொல்கிற முட்டுக்கட்டை என்று பட்டது. "நானா, கம்பியூட்டர் கணக்குப் போட்டுத்தானே காட்டும். அதுக்கு யாரையும் ஏமாத்தத் தெரியாது" என்றேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப்போனார்.

மேலிருந்து எடுத்த நீலத்தை அளந்து கல் முழுவதும் ஒரே சீராக ஊற்றினேன். ஏஜண்ட் சொன்ன அளவில் அடியைத் தட்டையாக்கி ரெண்டர் போட்டேன். நான் அதுவரை செய்ததிலேயே அழகான படம் அது. வாங்குகிறவர் உடனே சம்மதித்தார். ராத்தா படத்தின் பிரதி ஒன்றை வாங்கிக்கொண்டுபோய் ஊரில் எல்லாருக்கும் காட்டினார். திங்கட்கிழமை நானா கல்லைத் தேய்க்கும் மெஷினில் ஏற்றுவதென்று முடிவாகிவிட்டது. தன் அண்ணன் மனைவி படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கும்போது அவர் என்ன செய்வார்?

சனிக்கிழமை மெடம் வந்தார். பின்னால் கராம்பு வாசம். படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"பக்கவாட்டுல பாத்தியா?"

"பாத்தேன் மெடம்."

"தண்ணியில போட்டு?"

"பாத்தேன்."

"ம்" என்றார். அது எந்த வகை என்று எனக்கே விளங்கவில்லை. அவர் போய்விட்டார். என் வாய் அவ்வளவு சுலபமாகப் பொய் சொல்லும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

நானா சொன்னது சரியாக இருந்தால்? அரைத்த கல்லைத் திரும்ப ஒட்ட முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலை உக்குவளைக்குப் பஸ் ஏறினேன்.

ராத்தா சந்தோஷமாக வரவேற்றார். ஒரு கிளாஸ் தண்ணீர் வேண்டும் என்றேன். தேசிக்காய் பிழிந்து, சீனி போட்டுக் கொண்டுவந்தார். "இல்ல ராத்தா, வெறும் தண்ணி. குடிக்க இல்ல, கல்லப் போட" என்றதும் அவர் முகம் மாறியது. நானா எழுந்து போய்க் கிளாஸும் வெள்ளைத் தாளும் கொண்டுவந்தார்.

கல் தண்ணீரில் இறங்கியது. மினுக்கம் அடங்கியது. கல்லின் உடம்பு முழுக்கத் தண்ணீர் போலவே வெளிறிக் கிடந்தது. அடிக் கூரில் மட்டும், பேனா மை ஒரு சொட்டு விழுந்த மாதிரி, நீலம். அவ்வளவுதான். அந்த ஒரு சொட்டு, மேலே உள்ள பட்டைகளில் பட்டுத் திரும்பித் திரும்பி, கல் முழுக்க நீலம் என்று கண்ணுக்குக் காட்டிக்கொண்டிருந்தது. ஏஜண்ட் தேய்க்கச் சொன்ன வயிறு அதுதான்.

"என்ட நானா நாலு நாள் கையில வெச்சிப் பொரட்டிப் பொரட்டிப் பாத்துத்தான் அந்த நீலம் அடிக்கி வாற மாதிரி வெட்டினாரு" என்றார் ரஷீத் நானா. நான் சொன்னேனே என்று குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

ராத்தா கிளாஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப அந்தப் படம்?"

"அது என் தப்பு ராத்தா. பாக்காமச் செஞ்சிட்டேன்."

"படத்தக் காட்டி ஆசை வெச்சதும் நீங்கதான். இப்ப இல்லன்னு சொல்றதும் நீங்கதானா?" கிளாஸைத் தள்ளி வைத்தார். "எனக்கு ஒங்கட பேச்சு வாணாம். எப்பிடி வெள்ளையாகும்னு படத்துல காட்டுங்க. வியாழக்கிழம வரைக்கும் பாப்பேன். அதுக்குப் பொறகு ஏஜண்ட் சொன்ன மாதிரி வெட்டுவேன்."

அவர் கேட்டது நியாயம். எந்தப் படம் அவரை நம்ப வைத்ததோ, அதே மாதிரி ஒரு படம்தான் அவரை மாற்ற முடியும்.

திங்கட்கிழமை கந்தோருக்குப் போனதும் மெடத்தின் மேசைக்கு முன்னால் நின்றேன். "பாத்தேன்னு சொன்னது பொய் மெடம். பாக்கல."

வாயிலிருந்த கராம்பை எடுத்து ஒரு தாளில் மடித்து வைத்தார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை. "தெரியும். மேசையில கிளாஸ் தூசி படிஞ்சு கெடந்துச்சு" என்றார். "நீயே வந்து சொல்றியான்னு இன்னைக்கு வரைக்கும் பாத்தேன். நானாகிட்ட சனிக்கிழமையே ஃபோன்ல சொல்லிட்டேன், நான் சொல்ற வரைக்கும் கல்ல ஏத்தாதீங்கன்னு. போ, வேலையப் பாரு."

அவர் கத்தியிருந்தால் அழுதிருப்பேன். அழவில்லை. போய் உட்கார்ந்தேன். இந்தக் கல்லைச் சரியாகச் செய்யாமல் இந்த நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அன்றைய மென்பொருளில் ஒரு கல்லுக்கு ஒரு நிறம்தான் கொடுக்கலாம். பாதிக்கு ஒன்று, மீதிக்கு ஒன்று என்பதற்கு இடமே இல்லை. நிறமில்லாத ஒரு கல்லைச் செய்து, அதன் அடியில் சின்னதாக ஒரு நீல உருண்டையைத் தனியாக வைத்தேன். படம் வந்தது. டொஃபிக்குள் ஈ விழுந்த மாதிரி இருந்தது. இரண்டும் சேரும் இடத்தில் ஒளி முட்டித் திரும்பியதால் வந்த கோளாறு. இரண்டிலும் ஒளி ஒரே மாதிரி வளையும்படி எண்ணைச் சமமாக்கினேன். எல்லை மறைந்தது. நிறம் மட்டும் நின்றது. அதன் ஓரத்தை மேகம் போலக் கலைத்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை மாலைக்குள் மேலிருந்து பார்த்தால் முழு நீலம், பக்கவாட்டில் பார்த்தால் வெள்ளை. ராத்தாவின் கல் அப்படியே திரையில் இருந்தது.

கராம்பு வாசம் வந்தது. மெடம் நிஜக் கல்லை வரவழைத்து ஜன்னலோரம் வைத்து, குனிந்து, தண்ணீரில் போட்டு, எல்லாம் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். "ம்." தலை ஆடியது.

அதே கல்லில் ஏஜண்ட் கேட்ட வெட்டைப் போட்டேன். பாத்திரம் கழுவிய தண்ணீர் நிறத்தில் ஒரு கல் வந்தது. இது வேண்டாம் என்று சொல்ல இந்தப் படம் போதும். ஆனால் வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு எப்படிப் போவது? ராத்தாவுக்கு விற்கக்கூடிய கல் வேண்டும். "நானாவக் கூப்பிடுங்க மெடம்" என்றேன்.

புதன்கிழமை முழுக்க ரஷீத் நானா என் பக்கத்து நாற்காலியில் இருந்தார். "அடிய விடுங்க மிஸ், தொட வாணாம். மேல கொஞ்சம் எறக்குங்க. இப்ப இந்தப் பக்கம் சாய்ங்க" என்று பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, இல்லாத கல்லைச் சாய்த்துக் காட்டுவார். நான் அந்தச் சாய்வை அளந்து போடுவேன். சின்ன அளவில் ரெண்டர் வரும். "ஓரம் வெளுக்குது" என்று தலையாட்டுவார். மறுபடியும். பதினோராவது தடவை அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் வந்தார். "இதத்தான் என்ட நானா செய்ய நெனச்சிருப்பாரு. அவர்ட காலத்துல இப்பிடி சாச்சிப் பாக்க ஏலாதே, ஒரு தரம்தானே வெட்டலாம்" என்றார்.

வியாழக்கிழமை இரண்டு படங்களையும் ராத்தாவின் முன்னால் வைத்தேன். கழுவின தண்ணீர் நிறக் கல்லை அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு அதைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தார். இரண்டாவது படத்தின் மேல் உள்ளங்கையை வைத்து, "இத வெட்டுங்க ரஷீத்" என்றார்.

ஏஜண்டின் ஆளுக்கு வயிறுள்ள கல் வேண்டாமாம், போய்விட்டார். அது எனக்குப் பெரிய அடி. ராத்தா என்னைத் திட்டவில்லை, பேசவும் இல்லை. நானா வெட்டினார். வெட்டும்போது ஒரு தடவைகூட என் படத்தைப் பார்க்கவில்லை. மெருகு போட்டு முடிந்ததும் கல்லையும் படத்தையும் ஜன்னலோரம் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வித்தியாசம் தேடினார்.

"ஒண்டு ஈக்கு மிஸ்" என்றார். "ஒங்கட படத்துக்குள்ள வெள்ளைச் சேல கட்டின பொம்புள ஒராள் நிக்கிறா."

எத்தனையோ வருஷமாக யாரும் கண்டுபிடிக்காததைக் கண்டுபிடித்துவிட்டார். நான் சிரித்துவிட்டேன். ராத்தாவும் எட்டிப் பார்க்கக் குனிந்தார். அவர் தலையில் போட்டிருந்த வெள்ளை முக்காடு கல்லுக்குள் துண்டு துண்டாக விழுந்து மின்னியது. "கல்லுக்குள்ளயும் ஒராள் ஈக்குதான்" என்றார் நானா. ராத்தா அன்றைக்குத்தான் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

மூன்று மாதம் கழித்து வேறொருவர் அந்தக் கல்லை வாங்கினார். கூரை போட்ட பிறகு ராத்தா என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். தேசிக்காய்த் தண்ணீரும் வெறும் தண்ணீரும் இரண்டு கிளாஸில் கொண்டுவந்து வைத்து, "எது வேணும்?" என்று கேட்டார். கேலி செய்யத் தெரிந்த மனுஷி.

மெடம் இப்போது இல்லை. நான் ஓய்வு பெற்ற அன்றைக்குச் சுவர்க்கடிகாரம் தந்தார்கள். கந்தோரில் கல் போட்டுப் பார்க்கும் அந்தக் கிளாஸ்தான் எனக்கு வேண்டும் என்று கேட்டேன், பிறகு நானே வேண்டாம் என்றேன். அது அங்கேயே இருக்கவேண்டியது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது நேற்று அந்தப் பிள்ளை ஒரு படம் அனுப்பியது. புது மென்பொருளில் செய்ததாம். ஒரு வாடிக்கையாளரின் நீலக்கல், மறுபடி வெட்டினால் எப்படி இருக்கும் என்பதற்கு. நாளை மறுநாள் வெட்டப்போகிறார்களாம். உண்மையாகச் சொல்கிறேன், நான் செய்ததையெல்லாம் விட அழகாக இருந்தது. கல் முழுக்க ஒரே சீரான நீலம்.

"நல்லாயிருக்கு. கல்லப் பக்கவாட்டுல பாத்தீங்களா? தண்ணியில போட்டு?" என்று எழுதி அனுப்பினேன்.

விரலை எடுப்பதற்குள் பதில் வந்துவிட்டது. "பாத்தோம் மிஸ்."

அந்தப் பதிலை எனக்கு நன்றாகத் தெரியும். அதே சொல்லை, அதே வேகத்தில் நானே சொல்லியிருக்கிறேன். இன்று காலை எட்டு மணிக்கே டவுனுக்குப் பஸ் ஏறிவிட்டேன். ஒன்பது மணிக்குக் கந்தோரின் வடக்கு ஜன்னலில் வெளிச்சம் சரியாக இருக்கும்.